ஜெசிமாவின் ஒற்றை விரல்

எங்கள் வகுப்பு ஜெசிமாவுக்குப் பேச்சு வராது. கையில் ஒரு விரல்தான் அசையும். அந்த விரலால் டேப்லெட்டைத் தொட்டால் அது அவளுக்காகப் பேசும். காதில் விழுந்த பேச்சை நினைவில் வைத்து, முதல் சொல்லிலேயே மீதியை ஊகித்துச் சொல்லும் அந்த மென்பொருளை எழுதியதும் அவள்தான். வேறென்ன தகுதி வேண்டுமாம்?

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த மேலாளர் தணிகாசலத்துக்கு அது போதவில்லை.

"இவ்வளவு மெதுவா பேசினா எப்படிம்மா? நான் ஒரு வாக்கியம் முடிக்கிறதுக்குள்ள நீ முடிச்சிடு, வேலை உனக்குத்தான்" என்று சிரித்தார். துணைக்குப் போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெசிமாவோ சரியென்று தலையசைத்தாள்.

அவர் ஆரம்பித்தார்: "எங்க கம்பெனியில..."

விரல் ஒரே ஒருமுறை தொட்டது. டேப்லெட் கணீரென்று முடித்தது: "திறமையை மட்டும்தான் பார்ப்போம், வேற எதையும் பார்க்க மாட்டோம்!"

காலையில் அரங்கத்தில் அவர் ஏழு தடவை சொன்ன வாக்கியம். டேப்லெட்டும் கேட்டுக்கொண்டுதானே இருந்தது!

"இது... நான் சொன்னதாச்சே?"

விரல் நிதானமாக நகர்ந்தது. இப்போது அவரும் பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஆமா சார். வாபஸ் வாங்கிக்கறீங்களா?"

மேலாளர் எழுந்து நின்றார்.

"எப்ப வந்து சேர்றீங்க, மேடம்?"