கல் குடித்த தண்ணீர்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. அதற்காக இப்போது யாரும் மலையடியில் போய்க் காதை வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். அது பேசி ஓய்ந்து எத்தனையோ காலமாயிற்று. பேசிய நாளில் கல்லின் உடம்பில் ஒரு வரி கிடையாது. வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள் மட்டும்தான்.

ஒரு மலைமேல் சுனை ஒன்று இருந்தது. கோடையில் நாளுக்கு ஒரு குடம்தான் தரும். அந்த ஒரு குடத்தை நம்பி மாதியும் அவள் கணவன் கெங்கனும் அங்கே குடியிருந்தார்கள். கெங்கன் கல் உடைப்பவன்.

ஒரு நாள் மாதி குடத்தோடு இறங்கி வரும்போது பாறை வெடிப்புக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

"யாரது?" என்றாள்.

"நான்தான், அடியில கெடக்கற கல்லு. கிழக்கு நிலமும் மேற்கு நிலமும் ரெண்டு பக்கமும் என்னை நெரிக்குது. இன்னிக்கோ நாளைக்கோ முறிஞ்சிடுவேன். மலை ரெண்டாப் பொளந்துடும், சுனையும் போயிடும். உங்கிட்டச் சொல்லிடலாம்னுதான்."

மாதி குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். சுனை போனால் அந்தப் பக்கத்தில் வேறு தண்ணீரே இல்லை.

"கொஞ்சம் வளைஞ்சு குடுக்கக் கூடாதா?"

"இங்க ஒரே சூடு. காஞ்சு கெடக்கறேன். எப்படி வளையறது?"

மாதி தினமும் கேழ்வரகுக் களி கிண்டுகிறவள். வெறும் மாவு கையில் உதிரும். சூடும் தண்ணீரும் சேர்ந்தால் அதே மாவு களி கிண்டும் துடுப்புக்கு வளைந்து கொடுக்கும். கீழே சூடு இருக்கிறது, இல்லாதது தண்ணீர்தானே என்று நினைத்தாள். குடத்தை வெடிப்பில் கவிழ்த்துவிட்டாள்.

கெங்கன் அதைப் பார்த்துவிட்டான். காலையிலிருந்து வெயிலில் வேலை செய்தவன்.

"மாதி, குடிக்கற தண்ணியக் கல்லுலயா ஊத்தற?"

"அதுக்கும் தாகம், மாமா. இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கலாம்."

அன்று இருவரும் வறண்ட நாக்கோடு படுத்தார்கள்.

ஆழத்தில் கல் நெகிழ்ந்தது. உருகவில்லை, கல்லாக இருந்தபடியே மெல்ல நகர்ந்தது. வருஷத்துக்கு நகக்கண் அளவுகூட இருக்காது, கல்லுக்கு என்ன அவசரம். நாள்பட நாள்படப் புள்ளிகள் இழுபட்டு நீண்டு நெளிநெளியான வரிகளாயின. ஆனால் அது முறியவில்லை.

மறுநாள் விடிந்ததும் இருவரும் சுனைக்கு ஓடினார்கள். வழக்கம்போல் ஒரு குடம் தண்ணீர் ஊறியிருந்தது.

"நல்லா இருப்பே, மாதி," என்றது கல். "குடிக்க வெச்சிருந்ததை எனக்குக் குடுத்தே. உம் புருசன் வேணுங்கற கல்லை எடுத்துக்கட்டும்."

கெங்கன் சுனையில் இறங்கினான். முதல் கைத் தண்ணீரை அள்ளி, உளி வைக்கப்போகும் கல்லில் தெளித்தான். பிறகுதான் குடித்தான்.

காலம் போகப் போக மேலே இருந்ததெல்லாம் தேய்ந்து அந்த அடிக்கல் வெளியே வந்தது. அன்று தொட்டுத்தான் பாறையில் நெளிவரி. கல் உடைக்கிறவர்கள் உளி வைக்குமுன் தண்ணீர் தெளிப்பதும் அன்று தொட்டுத்தான். மங்கிக் கிடக்கும் வரியெல்லாம் ஈரம் பட்டதும் பளிச்சென்று எழுந்து வரும். மாதி கொடுத்த தண்ணீரைக் கல் இன்னும் மறக்கவில்லை.