ஐந்தாவதாக வந்தவர்

முன்னொரு காலத்தில், உட்கார்ந்த இடத்தில் உட்காராத மன்னர் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவருக்குக் கோட்டை வாசல் கண்ணை உறுத்தியது. வருகிறவரை என்ன செய்வதென்று காவலர்கள் தினமும் தலையைச் சொறிகிறார்களாம். தூதர், வணிகர், புலவர், மனு கொண்டுவருபவர், ஆக வருபவர் நான்கே வகை என்று மன்னர் ஓலையில் எழுதி முத்திரையும் குத்திவிட்டார். ஒவ்வொரு வகையினரையும் என்ன செய்வது என்று அதில் விடை எழுதும் வேலை விகடகவி மருதையன் தலையில் விழுந்தது. விடையில்லாமல் ஒருவராவது வாசலில் நின்றால் அவன் நாட்டைவிட்டே போக வேண்டும் என்பது கட்டளை.

மருதையன் நான்கு வரிதான் எழுதினான். தளவாய் ஆளவந்தாருக்கோ அவன் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். 'மற்ற எவரையும் தடியால் அடித்து விரட்டு' என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்ததே என்று சபையில் நக்கலடித்தார். முத்திரை நான்கு என்கிறபோது ஐந்தாவதற்கு எழுத மாட்டேன் என்று மருதையன் மறுத்துவிட்டான்.

வீறாப்பெல்லாம் சபையோடு சரி. அப்புறம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், யாரென்று பார்க்க எழுந்து ஓடுவான். அம்மிக்கல்லை எப்படித் தூக்கிப்போவது என்று வீட்டுக்காரி கேட்கவே தொடங்கிவிட்டாள்.

ஐந்தாம் நாள் மன்னர் வேட்டைக்குக் கிளம்பினார். அவர் தனியாகத் திரும்பி வாசலில் நிற்கட்டும் என்று கூடப்போன தளவாய் வேண்டுமென்றே பின்தங்கினார். பன்றியைத் துரத்திச் சேற்றில் விழுந்த மன்னர், முகம் தெரியாத கோலத்தில் தனியாக வாசலுக்கு வந்தார்.

காவலன் நான்கையும் வரிசையாகக் கேட்டான். நான்கும் இல்லை, நான் மன்னன் என்று மன்னர் சீறினார்; அந்தச் சேற்றுக் கோலத்தைக் காவலன் நம்பவில்லை. ஓலையில் வேறு வரி இல்லை. அவன் கதவைத் திறக்கவுமில்லை, ஆளைத் தொடவுமில்லை. மருதையனை அழைத்துவர ஆளனுப்பினான்.

மருதையன் மூச்சிரைக்க வந்து குரலைக் கேட்டதும் கும்பிட்டான். தளவாயும் வந்து சேர்ந்தார்.

"விடையில்லாமல் ஒருவர் நின்றுவிட்டார், மன்னா. மருதையன் மூட்டை கட்டலாம்."

"தளவாய் சொன்ன வரி இருந்திருந்தால் நின்றிருக்க மாட்டார்தான்" என்றான் மருதையன். "விடை உடனே கிடைத்திருக்கும்."

மன்னர் காவலனின் தடியைப் பார்த்தார். அவன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"மேலும், வருபவர் நான்கே வகை என்பது தங்கள் முத்திரை. அது மெய்யென்றால், தாங்கள் இன்னும் வரவேயில்லை, மன்னா."

மன்னர் உதட்டைக் கடித்துக்கொண்டு, தம் கையாலேயே ஓலையின் முத்திரையை உடைத்தார். "ஐந்தாவதாக மன்னரைச் சேர். அவருக்கு என்ன விடை?"

"முதலில் வெந்நீர்."

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார்; சேறு அப்பிய முத்துமாலையை அப்படியே மருதையன் கழுத்தில் போட்டார். வெந்நீர்க் கொப்பரையைத் தளவாய்தான் சுமந்து வந்தாராம். வழியெல்லாம் சிந்தியதாகவும் கேள்வி.