வடிக்காத தண்ணீர்

மெய்யம்மை ஒரு குரு. அவருக்கு மடம் கிடையாது. மடித்து வைக்கிற வீடு ஒன்று இருந்தது.

ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற வண்டி அது. மூடியிருக்கும்போது இடுப்பளவு உயரத்தில் ஒரு பெட்டி. கைப்பிடியைச் சுழற்றினால் கூரை எழும்பும். இரண்டு பக்கமும் துணிச்சுவரோடு இரண்டு படுக்கைகள் சிறகு போல வெளியே வரும். ஒன்றில் மெய்யம்மை. மற்றதில் கூடப் போகிறவர். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

அந்தியூர் மலையடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகையும் இரண்டு ஓட்டு வீடுகளும் அவருக்கு இருந்தன. ஊர் ஊராகப் போய்ப் பேசாத நாட்களில் அங்கே இருப்பார். வண்டி கொட்டகையில் நிற்கும்.

கூடப் போகிறவள் எப்போதும் தெய்வாத்தாள்தான். ஈரோட்டில் ஜவுளிக்கடை நடத்தி, அதை மகனிடம் விட்டுவிட்டு வந்தவள். குருவைவிட இருபது வயது மூத்தவள். குரு அவளை ஆத்தா என்பார், வாங்க போங்க என்பார். அவள் குருவை அம்மா என்பாள். மெய்யம்மையிடம் முதலில் வந்து சேர்ந்தவள் அவள்தான். அதை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்படி நடந்துகொள்வாள்.

வண்டியின் தண்ணீர் அவள் பொறுப்பு. படுக்கைக்கு அடியில் ஒரு தொட்டி, அதற்கொரு சின்ன மோட்டார், உள்ளே ஒரு குழாய், வெளியே ஒரு குழாய். பயணம் முடிந்து வந்ததும் தொட்டியை வடித்துவிட வேண்டும். வண்டியைச் சற்றுச் சரிவாக நிறுத்தி, அடியில் இருக்கும் திருகுமூடியைக் கழற்றி, குழாய்கள் இரண்டையும் திறந்து, மோட்டார் வெறும் காற்றை இருமும்வரை ஓட்ட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் திறந்தபடியே விட்டு, பூச்சி போகாமல் தொட்டியின் வாயில் துணி கட்டிக் காயவிட வேண்டும். அடுத்த பயணத்துக்கு முன்னால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, அந்த நெடி போகும்வரை அலச வேண்டும். அதற்கப்புறம்தான் குடிக்கிற தண்ணீர்.

புதுத் தண்ணீரின் முதல் டம்ளர் மெய்யம்மைக்கு. அவர் அண்ணாந்து குடித்து முடித்தால் பயணம் கிளம்பும். அந்த டம்ளரை ஏந்திக்கொண்டு நடக்கிற பத்தடி தூரம்தான் தெய்வாத்தாளுக்கு வாழ்க்கையில் மிக நீளமான பாதை. அதில் அவள் மெதுவாகவே நடப்பாள்.

பங்குனியில் பர்கூர் மலைக்குப் போயிருந்தார்கள். அங்கே தெய்வாத்தாளுக்கு முட்டி வீங்கிவிட்டது. சுனை பள்ளத்தில் இருந்தது. மெய்யம்மை அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். பலமுறை ஏறி இறங்கித் தொட்டியை நிரப்பினார். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. முதல் குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, தெய்வாத்தாளின் கையில் கொடுத்தார். வண்டி நிழலில் உட்கார்ந்து அவள் அதை ஒரே மூச்சில் குடித்தாள். அவளுக்காக யாரும் தண்ணீர் சுமந்து வந்ததில்லை. கட்டிக்கொண்டவர் இருந்த காலத்திலும் இல்லை.

அடிவாரத்துக்குத் திரும்பியபோது ஓட்டு வீட்டு வாசலில் ஒரு பெட்டியோடு ஒரு பெண் இருந்தாள். பெயர் சுகந்தி. தூத்துக்குடியில் தட்டச்சுப் பள்ளி நடத்தியவள், மெய்யம்மை அங்கே பேசியபோது கேட்டவள், பள்ளியை மூடிவிட்டு வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வாய் ஓயாது. மெய்யம்மை அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்தார். தெய்வாத்தாள் அந்தச் சிரிப்பை அதற்குமுன் கேட்டதில்லை.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மெய்யம்மை சுகந்தியிடம், "நீ இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றார்.

நீ.

தெய்வாத்தாளுக்கு அந்த ஓரெழுத்து கருவாட்டு முள் மாதிரி தொண்டையில் நின்றது. இத்தனை வருஷம் வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க. மரியாதைதான். விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை. நேற்று வந்தவள் வீட்டுப் பெண் ஆகிவிட்டாள்.

சாயங்காலம் தொட்டியை வடிக்கப் போனாள். குனிந்து திருகுமூடியில் கை வைத்தாள். கை திருகவில்லை.

உள்ளே பாதித் தொட்டிக்கு மேல் தண்ணீர் இருந்தது. அவர் சுமந்த தண்ணீர். இவளுக்காகச் சுமந்தது. சுகந்தி அப்போது இல்லை. இந்தத் தண்ணீரில் சுகந்தி இல்லவே இல்லை.

தெய்வாத்தாளின் பிறந்த வீட்டில் கொடுமுடியிலிருந்து கொண்டுவந்த காவிரித் தீர்த்தத்தைச் செம்பில் அடைத்துப் பூசை அறையில் வைத்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் இருக்கும். கெட்டுப்போயிற்று என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. யாரும் திறந்து பார்த்ததுமில்லை. அவள் தொட்டியின் வாயை இறுக்கி மூடி, அதன் கழுத்தில் மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டினாள். அந்த நொடியிலிருந்து அது தீர்த்தம்.

மறுநாள் மெய்யம்மை, தொட்டி காய்ந்ததா என்று கேட்டார். ஆச்சுங்க அம்மா என்றாள். அவரிடம் அவள் சொன்ன முதல் பொய்.

தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் கொட்டகைக்குப் போவாள். வெளிக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்து, கிழக்கே பார்த்து நின்று குடிப்பாள். முதலில் மலையின் குளிர்ச்சி இருந்தது. சித்திரை வெயில் தகரத்தில் இறங்க இறங்கத் தண்ணீரும் மாறியது. லேசாக ஒரு பச்சை வாசம் வந்தது. மலை மூலிகை ஊறியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள். சுகந்தி அன்றைக்கு மெய்யம்மையோடு அதிகம் சிரித்திருந்தால் மறுநாள் காலை இரண்டு டம்ளர் குடிப்பாள்.

வயிறு கெட்டது. வெயில் சூடு என்றாள். மோர் குடித்தாள். தீர்த்தத்தையும் விடவில்லை.

வைகாசி பிறந்ததும் மெய்யம்மை கடற்கரைப் பக்கம் போகவேண்டும் என்றார். யார் கூட வருவது என்று சொல்லவில்லை. இதுவரை அதைச் சொல்லவேண்டிய தேவையே இருந்ததில்லை. தெய்வாத்தாள் துணிமணிகளை எடுத்துவைத்தாள். சுகந்தியும் எடுத்துவைத்தாள் என்பதைச் சன்னல் வழியே பார்த்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மெய்யம்மை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்படி இளைத்துப்போயிருக்கிறீர்களே, தண்ணீர் வேலையை இந்தத் தடவை சுகந்தி பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் படுத்திருங்கள் என்றார்.

அக்கறையாகத்தான் சொன்னார். தெய்வாத்தாளின் காதில் விழுந்தது வேறு. இளைத்தவள், வயதானவள், வேலைக்கு ஆகாதவள்.

சுகந்தி பிளீச்சிங் பவுடர் டப்பாவோடு கொட்டகைக்கு வந்தபோது தெய்வாத்தாள் வண்டியில் சாய்ந்தபடி நின்றிருந்தாள். தொட்டி காலியாகத்தானே இருக்கிறது என்று சுகந்தி கேட்டாள். மருந்து போட்டு ஊறவைக்கவேண்டும், அலசி வடிக்கவேண்டும் என்று அம்மா சொன்னாராம். வடிப்பதென்றால் அடியில் இருக்கும் மூடியைத் திறக்கவேண்டும். திறந்தால் தீர்த்தம் மண்ணில் போகும்.

"அதெல்லாம் நேத்தே பண்ணிட்டேன் கண்ணு," என்றாள் தெய்வாத்தாள். "நீ தண்ணி மட்டும் ஊத்து."

சுகந்தி மஞ்சள் கயிற்றைப் பார்த்து, வண்டிக்குக் கல்யாணமா அக்கா என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். கயிற்றை ஒதுக்கி மூடியைத் திறந்து குழாயைச் சொருகினாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வழிந்தது. பார்த்தால் பெரிய தொட்டியாகத் தெரிகிறது, இதற்குள் நிரம்பிவிட்டதே என்றாள்.

"பார்க்கத்தான் பெருசு," என்றாள் தெய்வாத்தாள்.

மறுநாள் காலை ஜீப்பில் வண்டியைப் பூட்டியாயிற்று. மெய்யம்மை வாசலில் நின்றார். சுகந்தி வெளிக் குழாயைத் திறந்து டம்ளரைப் பிடித்தாள். பிறகு அந்தப் பத்தடியை ஓடிப்போய்க் கடந்துவிட்டாள். அவளுக்கு அதன் நீளம் தெரியவில்லை.

அப்போதுதான் தெய்வாத்தாளுக்கு உறைத்தது, அந்த டம்ளரில் இருப்பது என்னவென்று.

மெய்யம்மை வாங்கினார். அண்ணாந்தார்.

தெய்வாத்தாளுக்குள் ஒரு குரல் சும்மா இரு என்றது. ஒரு வாய்தானே. துப்பிவிடுவார். சுகந்திக்குத் தண்ணீர்கூடச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்பது தெரியட்டும். ஒரு மூச்சு நேரம் அவள் அந்தக் குரலோடு நின்றாள்.

"குடிக்காதீங்க அம்மா."

டம்ளர் அந்தரத்தில் நின்றது. "ஏன் ஆத்தா?"

"பழைய தண்ணிங்க. பங்குனியிலிருந்து இருக்குது. நான் வடிக்கலைங்க."

மெய்யம்மை டம்ளரை இறக்கி முகர்ந்து பார்த்தார். சுகந்தியின் முகம் சிவந்தது. காலி என்றீர்களே, மருந்து போட்டாயிற்று என்றீர்களே என்று கேட்டாள். தெய்வாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"என்னைப் பிடிக்கலைன்னா நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்க்கா," என்றாள் சுகந்தி. "நான் நாப்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினவ, பெத்தவங்ககிட்ட ஏச்சு வாங்கிப் பழக்கம்தான். அதை எதுக்கு அம்மா வயித்துல கொண்டுவந்து வச்சீங்க?"

தெய்வாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள். சுனையை, மஞ்சள் கயிற்றை, தினம் ஒரு டம்ளரை, மூலிகை வாசம் என்று எண்ணிக்கொண்டதை. சொல்லச் சொல்ல அவளுக்கே அது யாரோ ஒருத்தியின் பைத்தியக்காரத்தனம் போலக் கேட்டது. 'நீ' என்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

"இதையா தினமும் குடிச்சீங்க?" என்றாள் சுகந்தி. அவள் கோபத்தில் பாதி அங்கேயே விழுந்துவிட்டது.

வண்டியைச் சரிவில் நிறுத்தினார்கள். மூடியை நீங்களே திறங்கள் என்றார் மெய்யம்மை. தெய்வாத்தாள் மண்ணில் உட்கார்ந்து திருகினாள். முதலில் நல்ல தண்ணீர் போல ஓடியது. பிறகு பச்சையாக ஒரு கோழை, நூல் நூலாக, விட்டுவிட்டு வந்தது. நாற்றத்துக்குச் சுகந்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். மெய்யம்மை நகரவில்லை. அந்தக் கோழையில் கொஞ்சத்தை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"மூலிகையா ஆத்தா?"

தெய்வாத்தாள் அழுதாள். தண்ணீர் முருங்கை மரத்தடிவரை போய் மண்ணில் இறங்கியது. கடைசியில் மோட்டார் இருமியது.

பிறகு அன்று முழுக்க வேலை. மருந்துத் தண்ணீரை ஊற்றினார்கள், குழாய் குழாயாகத் திறந்து பார்த்தார்கள், ஊறவைத்தார்கள், வடித்தார்கள், மறுபடி அலசினார்கள். சுகந்தி ஊற்ற, தெய்வாத்தாள் திறந்தாள். இருவரும் வேலைக்கு வேண்டிய வார்த்தைகளுக்குமேல் பேசிக்கொள்ளவில்லை. நெடி போய்விட்டதா என்று குழாயடியில் இருவரும் குனிந்தபோது தலை முட்டிக்கொண்டது. சுகந்திக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்தபோது மெய்யம்மை வந்தார். உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார். போதும், நாளைக்குக் கிளம்பலாம் என்றார். பிறகு தெய்வாத்தாளிடம், ஆஸ்பத்திரியில் வயிற்றைக் காட்டுங்கள், கஞ்சி குடியுங்கள், இந்தத் தடவை சுகந்தி வரட்டும் என்றார்.

குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் தெய்வாத்தாளுக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவாவது முடிந்திருக்கும். அவள் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இரண்டாவது படுக்கை மடிந்து கிடந்தது. அதில் நாளை இரவு வேறொருத்தி கடலைக் கேட்டுக்கொண்டு தூங்குவாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா அம்மா?"

"கேளுங்க."

"நான் செஞ்சது தப்புத்தானுங்க. ஆனா அது நீங்க எனக்காகச் சுமந்த தண்ணிங்க. அதைக் கொட்ட எனக்கு எப்படிங்க மனசு வரும்?"

"நான் சுமந்தது உங்க தாகத்துக்கு," என்றார் மெய்யம்மை. "அதை நீங்க அந்த மலையிலேயே குடிச்சாச்சு."

தெய்வாத்தாள் குனிந்து ஈர மண்ணைத் தொட்டாள்.

"அப்ப இத்தனை நாளா நான் எதைங்க குடிச்சேன்?"

"சுகந்திக்குக் கிடைக்கலைங்கிற நினைப்பை," என்றார் மெய்யம்மை.