குஞ்சிதபாதத்தின் பத்திரமான டேப்

"பூட்டாம அனுப்பினாலும் திட்டு, பூட்டி அனுப்பினாலும் திட்டு. அப்புறம் நான் எதுக்கும்மா இங்க சீடன்னு ஒருத்தன்?"

கேட்டவர் குஞ்சிதபாதம். வங்கியில் கம்ப்யூட்டர் பார்த்து ஓய்வு பெற்று, ஞானம் தேடி ஆசிரமத்துக்கு வந்தவர். குருவைவிட ஆறு வயது மூத்தவர். கோபத்துக்கு மட்டும் எல்.கே.ஜி. வயது.

குரு தவமணி அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"போன மாசம் பத்திரமா வைக்க டவுனுக்கு அனுப்பின டேப், ஜீப்லேர்ந்து விழுந்துதே, அதுமேல என்ன ஒட்டியிருந்தீங்க?"

சீடர் தலையைச் சொறிந்தார். ஒட்டியிருந்தது பாஸ்வேர்ட். கம்ப்யூட்டரில் உள்ளதை நகலெடுத்து வைக்கும் அந்த டேப்பில் இருந்தது, ஆசிரம மருத்துவமனைக்கு வருகிற அத்தனை பேரின் வியாதியும். அதைக் கண்டெடுத்த டீக்கடைக்காரர் படிக்காமல் விட்டதற்குக் காரணம் நாகரிகம் அல்ல, அவரிடம் மெஷின் இல்லை.

"அதான் இப்ப ஒட்டலையேம்மா! உள்ள இருக்கிறதை ஒருத்தருக்கும் புரியாதபடி கலைச்சுப் போட்டுட்டேன். பாஸ்வேர்ட் இல்லாம பிரம்மாவே வந்தாலும் படிக்க முடியாது."

"பாஸ்வேர்ட் எங்க?"

"டேப்புக்குள்ளயே! எந்தத் திருடன் கைக்கும் போகாது."

"மனப்பாடமா?"

"முழ நீளம்மா. யாருக்கு ஞாபகம் இருக்கும்? கம்ப்யூட்டர்ல அதுக்கு ஒரு காப்பி இருக்கே."

"கம்ப்யூட்டர் போச்சுன்னா?"

"அதுக்குத்தானேம்மா டேப்பு!"

இதுகூடத் தெரியாமல் ஒரு குருவா என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

வாசலில் பழைய சாமான் வண்டி ஹாரன் அடித்தது. பழைய கம்ப்யூட்டரை ஏற்றிப்போக குஞ்சிதபாதம்தான் வரச்சொல்லியிருந்தார். திங்கட்கிழமை புதுசு வந்ததும் டேப்பிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

"சாப்பிட்டீங்களா?" என்றார் அம்மா.

"எங்க? காலையிலேர்ந்து டேப்போட மாரடிக்கிறேன்."

அம்மா எழுந்தார். சோறு, வத்தக்குழம்பு, அப்பளம் என்று தட்டு நிறையப் போட்டார். தட்டை வலைக்கதவு அலமாரிக்குள் வைத்தார். அப்பளத்தின் மேல் அலமாரிச் சாவியை வைத்தார். கதவைச் சாத்திப் பூட்டை அமுக்கினார். 'டக்'.

"ஐயோ, சாவி உள்ள இருக்கும்மா!"

"பத்திரமா இருக்கு. பூனைகூடத் தொட முடியாது."

குஞ்சிதபாதம் பூட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வெளியே வண்டி உறுமியது.

வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார். "ஏப்பா, நிறுத்து! இறக்கு, இறக்கு!"

கம்ப்யூட்டரைக் கைக்குழந்தைபோல் தானே இடுப்பில் சுமந்து வந்தார். அதிலிருந்த பாஸ்வேர்டை இரண்டு காகிதத்தில் எழுதினார். ஒன்றை மருத்துவமனை டாக்டரம்மா கையில் கொடுத்தார். இன்னொன்றை டவுன் பேங்க் லாக்கருக்கு அனுப்பினார், டேப் போகாத வண்டியில்.

வியர்த்து வழியத் திரும்பியபோது, கீரையோடு அம்மா உள்ளே போயிருந்தார். வலைக்குப் பின்னால் அப்பளம் நமுத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் சாவி.

"அம்மா... பசிக்குது. இதைக் கொஞ்சம் திறந்து விடுங்களேன்."

உள்ளேயிருந்து கீரை வதங்கும் வாசனை மட்டும் வந்தது.