பல்லைப் பிடித்த காவல்காரன்

தையல் தைக்கும் சௌந்தரத்தின் கன்னத்துக்குள், காதுக்குச் சற்றுக் கீழே, ஒரு தாடைத் தசை குடியிருந்தான். மென்று கொடுப்பதுதான் அவன் தொழில். ஒரு பொங்கலன்று, யாரும் கேட்காமலே காவல் வேலையையும் எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான்.

அன்று தம்பி குமரேசன் கரும்பும் மஞ்சள் கொத்துமாக அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்தான். வேறு ஏதோ கோபத்தில் இருந்த சௌந்தரம், "உன் சீர் வந்துதான் இங்க உலை கொதிக்கப்போகுதா?" என்று கேட்டுவிட்டாள். அவன் கரும்பைச் சுவரில் சாத்திவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனான். அப்புறம் அந்த வருஷம் முழுக்க வரவே இல்லை.

அந்தச் சொல் தன் கண் முன்னால்தானே தப்பி ஓடியது என்று தசைக்கு ஆறாத வருத்தம். இனி ஒன்றும் போகக்கூடாது என்று மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துப் பிடித்தான். பகலில் பிடித்தான், தூக்கத்திலும் பிடித்தான். சௌந்தரத்துக்குக் காதோரம் குத்தியது. இட்லியைக்கூடப் பிட்டுப் பிட்டுத்தான் உள்ளே தள்ள முடிந்தது. வலிக்க வலிக்க அவன் இன்னும் இறுக்கினான். வலி என்றால் எதிரி பக்கத்தில் இருக்கிறான் என்பது அவன் கணக்கு.

கடைசியில் பிசியோதெரபி படித்த ஒரு பெண் சௌந்தரத்துக்குச் சில பயிற்சிகள் சொல்லிக்கொடுத்தாள். முதலில் வெந்நீரில் நனைத்த துணி கன்னத்துக்கு வந்தது. சுகமாகத்தான் இருந்தது. அதுதான் அவனை உறுத்தியது. வெட்டப்போகிற ஆட்டுக்குத்தானே மாலை போடுவார்கள்?

அடுத்துச் சௌந்தரத்தின் கட்டைவிரலே வந்து மோவாய்க்கு அடியில் உட்கார்ந்தது. தன்னை மெல்ல எதிர்த்துக்கொண்டே வாயைத் திறக்கச் சொன்னது. திறக்கச் சொல்கிறவன் எதற்குக் கீழேயிருந்து தடுக்கிறான்? இரண்டு பக்கமும் கூலி வாங்குகிறவன் என்று தசை முடிவு கட்டினான். நாக்கோ, நுனியை மேலண்ணத்தில் வைத்துக்கொண்டு சாதுவாக இருந்தது. சுவரேறி வழி பார்க்கிறது என்று அதன்மேலும் ஒரு கண் வைத்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

"உன்னை யாரு அனுப்பினது?" என்று கட்டைவிரலிடம் கேட்டான்.

"யாரும் அனுப்பல. கீழ இருக்கிற தசைங்க திறந்து பழகட்டும்னு கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறேன். அவங்க வேலை செய்யும்போது நீ சும்மா இருக்கலாம்."

சும்மா இருப்பதா? அவனுக்கு அதுவே சதியாகப் பட்டது. ஆனாலும் கட்டைவிரல் நாள்தோறும் வந்தது. அவசரப்படுத்தவில்லை, வலித்தால் நிறுத்திக்கொண்டது. ஒரு மதியம், களைப்பில், தசை தன்னை அறியாமல் பிடியை விட்டுவிட்டான். பல்லும் பல்லும் விலகி நின்றன.

பதறிப்போய்ப் பார்த்தான். வாய் மூடியேதான் இருந்தது.

"யாரு சாத்தினது?"

"நாங்கதான்," என்றாள் கீழுதடு. "கதவு நாங்கதானே அண்ணே. எப்பவும் நாங்கதான் சாத்துறோம். நீங்க உள்ள நின்னு பல்லைப் புடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

மேலுதடு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். தசைக்கு வெட்கமாகப் போயிற்று. இருந்தாலும் அன்று முழுக்க அவர்களையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அடுத்த பொங்கல் வந்தது. சீரை நிறுத்த மனசில்லாமல், குமரேசன் கரும்போடு வந்து வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். சௌந்தரத்தின் நெஞ்சிலிருந்து ஒரு சொல் கிளம்பி மேலே வந்தது. நல்ல சொல்லா, பழைய சொல்லா? தசைக்குத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் பல்லைப் பற்றப் போனான். இந்த ஒரு தடவை நம்பு என்று நாக்கு கெஞ்சியது.

அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பாமலேயே விட்டான்.

"உள்ள வாடா. உனக்கும் இலை போட்டிருக்கேன்," என்றாள் சௌந்தரம்.

குமரேசன் உள்ளே வந்தான். அக்காவின் கை கன்னத்தில் இருப்பதைப் பார்த்தான். கரும்பைச் சீவி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடுத்தான்.

முதல் துண்டு உள்ளே வந்ததும், நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று தசை விசாரணையை ஆரம்பித்தான். துண்டு பதில் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் மெல்ல ஒரு கடி கடித்துப் பார்த்தான். சாறு இறங்கியது.

தன்னை அங்கே வைத்திருந்தது இதற்குத்தான் என்று அவனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.