கொட்டியது எந்த ஈ?

காடனூர் ஜமீன்தாரின் மூக்கில் தேனீ கொட்டிவிட்டது. மூக்கு கத்தரிக்காயாக வீங்கியும் அரண்மனையில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்தவள் தேன் எடுக்கும் குருவம்மா ஒருத்திதான். அவளைப் பிடித்து ஜமீன்தார் முன் நிறுத்திவிட்டார்கள்.

"அந்தத் தேன்கூட்டுக்கு என்மேல் என்ன கோபம்?" என்று உறுமினார் ஜமீன்தார்.

ஆஸ்தானப் பண்டிதர் பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமினார். "கூடு என்று தனியாக ஒன்று கிடையாது, மகாராஜா. எல்லாம் ஈதான். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் கோபம் எந்த ஈயில் இருக்கிறதென்று தெரிந்துவிடும்."

"பொழுது சாய்வதற்குள் அந்த ஈயைக் கொண்டு வா. இல்லையென்றால் சவுக்கடி!" என்றார் ஜமீன்தார் குருவம்மாவிடம்.

சாயங்காலம் அவள் வெறுங்கையோடு வந்தாள்.

"ஒவ்வொண்ணாக் கேட்டுட்டேன் சாமி. நான் பூவுக்குப் போறவ, நான் வாசல் காக்குறவன்னு எல்லாம் நழுவுதுக. கோபம் ஒண்ணுகிட்டயும் இல்ல, ஆனா சாமி மூக்கு வீங்கியிருக்கு. போன மாசம் என் பசுவை இங்க ஓட்டிட்டு வந்தாங்க. சேவகரைக் கேட்டா கயித்தைத்தான் பிடிச்சேங்கிறார். கணக்குப்பிள்ளையோ சொன்னதைத்தான் எழுதினாராம். திவான் தலையைத்தான் ஆட்டினாராம். சாமிக்கு விஷயமே தெரியாதாம். ஆனா பசு என் கொட்டாயில இல்ல. எடுத்தது இதுல யாருன்னு பண்டிதரய்யா பிரிச்சுக் காட்டட்டும். அதே வழியில நான் ஈயைப் பிடிச்சுத் தாரேன்."

பண்டிதர் ஜமீன்தாரைப் பார்த்தார். ஜமீன்தார் கூரையைப் பார்த்தார்.

மறுநாள் விடிந்தபோது பசு குருவம்மாவின் வாசலில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவிழ்த்துவிட்டது யார் என்று அரண்மனையில் இன்றுவரை ஒருத்தருக்கும் தெரியாது.