டிக் விழாத வரி

சூசைமாணிக்கம் சரக்குக் கொட்டகையில் முப்பத்தொரு வருடம் மூட்டை எண்ணியவர். ஓய்வு பெற்ற பின் ஒரு கணினி மையத்தில் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியை நஸ்ரினுக்கு வயது இருபத்தாறு.

"என்ன கத்துக்கணும், சார்?"

அவர் ஒரு மடிக்கணினியை மேசைமேல் வைத்தார்.

"என் மகன் ஜெரால்டோடது. அவன் தவறிப்போய் ஏழு மாசம் ஆச்சு, டீச்சர். இதில் ஒரு விளையாட்டுக்குள்ள ஊர் கட்டிக்கிட்டிருந்தான். அதில் அவன் வச்சதெல்லாம் எனக்குத் தாளில் வேணும்."

நஸ்ரின் ஒரு சிறு கருவியைக் காட்டினாள். அதில் படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளையைத் தட்டினால், விளையாட்டு சேமித்து வைத்ததைப் பிரித்துப் பட்டியலாகக் கொடுக்கும்.

அவர் கட்டளையை நோட்டில் எழுதிக்கொண்டார். இடைவெளி வரும் இடத்திலெல்லாம் ஒரு புள்ளி வைத்தார். தட்டும்போது புள்ளியையும் சேர்த்துத் தட்டினார். பிழை என்றது திரை.

"புள்ளி எதுக்கு சார்?"

"கொட்டகையில் காலி இடத்துக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைப்போம். அந்தப் பழக்கம்."

"இதுக்குப் பொட்டு வச்சா கோவிச்சுக்கும்."

ஒன்பதாம் நாள் தனியாகவே தட்டினார். பட்டியல் வந்தது. அச்செடுத்து, வரிவரியாகப் பென்சிலால் டிக் போட்டு எண்ணினார். மரம் 212. கிணறு 3. ஆடு 17. இப்படியே கடைசித் தாள் வரை.

"டீச்சர், கருவி தப்பாச் சொல்லுது. மொத்தம் 418 வரின்னு போட்டிருக்கு. ரெண்டு தடவை எண்ணிட்டேன், 417தான்."

"எதையாவது விட்டிருப்பீங்க."

"ஒரு மூட்டை விட்டதில்லை நான். காலிச் சாக்கை மட்டும் எண்ணமாட்டோம்."

நஸ்ரின் தாள்களை வாங்கிப் புரட்டினாள். டிக் விழாத வரி ஒன்று இருந்தது. அதன்மேல் விரலை வைத்து அவரிடம் காட்டினாள்.

இரண்டாம் ஆட்டக்காரர்: அப்பா. ஆடிய நேரம்: 0.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"கூப்பிட்டுக்கிட்டே இருப்பான். ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்பேன்."

அவர் பென்சில் நுனியை அந்த 0 மேல் வைத்தார்.

"இந்தச் சைபரை மாத்த ஒரு கட்டளை இருக்கா, டீச்சர்?"

"இருக்கு. எந்த எண் போட்டாலும் ஏத்துக்கும்."

"கணக்கு சரியா இருக்குமா?"

நஸ்ரின் கறுப்புத் திரையை மூடினாள். விளையாட்டைத் திறந்து, மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நடக்கறதுக்கு இந்த நாலு கீ, சார்."